தம்பிக்குக் கழிப்பா, கிளினிக்கா என்று கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்கள் எழுதியதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று முதலில் பாருங்கள். உங்கள் தம்பிக்கு 19 வயது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறான். மூன்று மாதமாக இரவில் நித்திரை இல்லை. சோற்றை மணந்து பார்த்துவிட்டு அப்படியே தள்ளி வைக்கிறான். ரோட்டில் போகிற மோட்டார் சைக்கிள் எல்லாம் தன்னை நோட்டம் பார்க்க வருகிறது என்கிறான். தனியே இருக்கும்போது யாருக்கோ பதில் சொல்கிறான். அம்மா மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு மந்திரவாதியிடம் போய், "வளவுக்குள்ள தகடு தாட்டிருக்கு" என்று, அதாவது யாரோ செய்வினைத் தகடு புதைத்திருக்கிறார்கள் என்று கேட்டுவந்து, அதை நீக்குகிற கழிப்புச் சடங்குக்கு நாளும் குறித்துவிட்டார். நீங்கள் ஆஸ்பத்திரி என்கிறீர்கள். "படிச்ச உடன உனக்குத் தெய்வமும் இல்ல, ஒண்டும் இல்ல" என்று அம்மா அழுகிறார். மாமா நடுவில் நின்று, "ரெண்டு பேரும் மனசத் திறந்து வைச்சிருங்க" என்கிறார். திறந்த மனம் என்றால் எந்தப் பக்கம் சாய்வது என்று கேட்கிறீர்கள்.

நான் மனநல வார்ட்டில் 24 வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். வைகாசியில் கண்ணகி அம்மன் கதவு திறந்தால் குளிர்த்திச் சடங்கு முடியும் வரை வீட்டில் மீன், இறைச்சி சமைக்காதவளும்தான். இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். தம்பியை இந்தக் கிழமைக்குள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கழிப்பு நாள் வருகிறபோது வரட்டும், அதற்காக இது தள்ளிப்போகக் கூடாது. இந்த மாதிரி நிலைமை ஆண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளின் முற்பாதியிலும்தான் தொடங்கும். வைத்தியம் இல்லாமல் போகிற காலம் நீள நீள, பிறகு குணமாவதும் இழுபடும். மூன்று மாதம் ஏற்கெனவே போய்விட்டது.

இனி மாமா சொன்ன சொல்லுக்கு வருகிறேன். அது நல்ல சொல். ஆனால் எங்கள் ஆட்கள் அதை "எல்லாத்துக்கும் ஓம் போடு" என்று எடுத்துக்கொள்கிறார்கள். காரணத்தை முதலே முடிவு கட்டிவிடாமல் ஆளை வடிவாகப் பார்ப்பதைத்தான் நான் திறந்த மனம் என்பேன். அம்மாவிடம் காரணம் தயாராக இருக்கிறது, தகடு. உங்களிடமும் தயாராக இருக்கிறது. கூகிளில் தேடிப் பார்த்து "ஸ்கிசோஃப்ரினியாதான்", அதாவது மனச்சிதைவு நோய்தான், என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் நாள் கிளினிக்கில் இருக்கிற டொக்டருக்கே அது தெரியாது, தங்கச்சி. தைரொயிட் கூடினாலும் குறைந்தாலும் மனம் குழம்பும். வலிப்பில் ஒரு வகை கைகால் இழுக்காமல், திடீர்ப் பயமாகவும் இல்லாத மணமாகவும் வரும். மூளைக்காய்ச்சல் சில பேருக்குப் பிதற்றலோடுதான் தொடங்கும். கஞ்சாவும், இப்போது ஊருக்குள் வந்திருக்கிற ஐஸ் என்ற போதைப்பொருளும் இதே சந்தேகத்தை அச்சாகக் கொண்டுவரும். கடுமையான மனச்சோர்விலும் குரல் கேட்பது உண்டு. இதையெல்லாம் பிரித்துப் பார்க்கத்தான் இரத்தம் எடுக்கிறார்கள், தேவையென்றால் தலையை ஸ்கேன் பண்ணுகிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். "தம்பி ஏதும் பாவிக்கிறாரா?" என்று டொக்டர் கேட்டால் அம்மா கோபப்பட வேண்டாம். குற்றம் பிடிக்க அவர் கேட்பதில்லை. பதிலைப் பொறுத்து மருந்து மாறும்.

இன்றைக்கே ஒரு கொப்பி எடுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தான், எத்தனை மணிக்கு எழும்பினான், என்ன சாப்பிட்டான், குளித்தானா, என்ன சொன்னான். அவன் சொன்ன வார்த்தை அப்படியே இருக்கட்டும். "தகடு" என்றும் எழுத வேண்டாம், "நோய்" என்றும் எழுத வேண்டாம். இந்தக் கொப்பி அம்மாவுக்கும் உங்களுக்கும் பொதுவானது. பிறகு கழிப்பு நடந்தாலும், குளிசை தொடங்கினாலும், நித்திரை இரண்டு மணித்தியாலத்தில் இருந்து ஆறாகியதா என்று அதில் பார்க்கலாம். வீட்டுச் சண்டைகளில் பாதி இந்தக் கொப்பியோடு அடங்குவதை நான் கண்டிருக்கிறேன்.

பூட்டிய மனம் ஊராட்களிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். எங்களிடமும் இருந்தது. ஒரு சம்பவத்தை எழுதுகிறேன்.

சுனாமிக்கு முந்திய வருடம். படுவான்கரையில் இருந்து ஒரு தகப்பன் இருபது வயது மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தார்கள். அப்போது துறையில் பாதை என்கிற மிதவைப் படகு வரும்வரை காத்திருந்து வாவியைக் கடக்க வேண்டும். மூன்று கழிப்பு முடித்து, இரண்டு மாடு விற்று, கடைசியாகத்தான் அந்த மனுசன் எங்களிடம் வந்தார். பொடியனுக்கு ஹலோபெரிடோல் ஊசி போட்டோம். இரண்டாம் நாள் இரவு, பதினொரு மணி இருக்கும், கழுத்து ஒரு பக்கம் திருகி நின்றுவிட்டது. கண் இரண்டும் மேலே செருகிவிட்டன, கருவிழி தெரியவில்லை. நாக்கு வெளியே தள்ளியது. பேச முடியாமல் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை நடுங்கியது. தகப்பன் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தீங்களா மிஸி, ஊசி போட்டதும் அது கோவங்கொண்டிட்டு."

அது அந்த மருந்தின் பக்க விளைவு. மூளையில் டொபமின் என்ற இரசாயனத்தின் வேலையை அந்த மருந்து தடுக்கிறது. அதனால்தான் குரலும் சந்தேகமும் குறைகின்றன. ஆனால் தசைகளை ஆளும் பகுதிக்கும் அதே டொபமின்தான் வேண்டும். இள வயது ஆண்களுக்கு, முதல் சில நாட்களுக்குள், இந்த இழுப்பு வரக்கூடும் என்பது தாதியர் பாடப் புத்தகத்தில் இருக்கிற விஷயம். அதற்கு மாற்று மருந்து உண்டு, ஊசியாகக் கொடுத்தால் அரை மணித்தியாலத்துக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். நாங்கள் கொடுத்தோம், இறங்கியது. ஆனால் "இப்படி வரலாம், வந்தால் பயப்படாதீங்க, உடன எங்கள எழுப்புங்க" என்று அந்தத் தகப்பனுக்கு முன்கூட்டியே ஒருவரும் சொல்லவில்லை. இழுப்பு இறங்கிய பிறகும் அது ஏன் வந்தது என்று சொல்லவில்லை. "ஒண்டுமில்ல, போய்ப் படுங்க" என்றோம். நானும்தான். விடியப் பார்த்தால் கட்டில் வெறுமையாக இருந்தது.

எட்டு மாதம் கழித்துத் திரும்ப வந்தான். இரண்டு மணிக்கட்டிலும் கயிறு அறுத்த தழும்பு. வேறு மருந்துக்கு மாற்றினோம், நின்று பிடித்தது. இன்றைக்கு அவர் மாடு வளர்த்துப் பால் ஊற்றுகிறார், பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த எட்டு மாதத்தை நான் மறக்கவில்லை. தகப்பன் கண்ணால் கண்டதைச் சொன்னார். ஊசி போட்ட பிறகுதான் கழுத்துத் திருகியது, அதில் பொய் எங்கே இருக்கிறது? அவர் கண்டதை நாங்கள் காது கொடுத்துக் கேட்டு விளக்கியிருந்தால் அவர் பாதையில் ஏறித் திரும்பிப் போயிருக்க மாட்டார்.

ஆகவே மருந்து தொடங்கினால் இதைக் கேட்டுவிட்டு வாருங்கள்: என்ன பக்க விளைவு வரலாம், எது வந்தால் உடனே வர வேண்டும், எத்தனை நாளில் வித்தியாசம் தெரியும். நித்திரை சில நாளிலேயே வரலாம். சந்தேகமும் குரலும் குறையக் கிழமைக் கணக்கில் எடுக்கும். மனச்சோர்வுக்கான குளிசை என்றால் இரண்டு முதல் நாலு கிழமை பிடிக்கும். "மருந்து குடிச்சுப் பொடியன் மரக்கட்டை மாதிரி ஆயிட்டான்" என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அது வெறும் கதை இல்லை. சில மருந்தில், சில அளவில் அப்படி ஆகும், உடம்பும் போடும். அப்படியானால் கிளினிக்கில் போய்ச் சொல்லி அளவைக் குறைக்கவோ மாற்றவோ கேளுங்கள். வீட்டில் தானாக நிறுத்துவதுதான் ஆபத்து. நிறுத்தி சில கிழமை ஒன்றும் நடக்காது, "பாத்தியா, மருந்து தேவயில்ல" என்று தோன்றும். பிறகு திரும்ப வரும்போது பலருக்கு முன்னையதை விடக் கடுமையாக வரும்.

இனி அம்மாவின் பக்கம். இதில் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் எழுத்தில் அம்மாவை ஒரு அறியாத மனுசி என்று வைத்துப் பேசுகிற தொனி இருக்கிறது.

சடங்குக் காலத்தில் ஒருவருக்குத் தெய்வம் வந்து ஆடினால் அதை நாங்கள் வார்ட்டில் நோய் என்று எழுதுவதில்லை. பறை அடிக்கும்போது வருகிறது, கோயிலில் வருகிறது, பூசை செய்கிற கட்டாடியார் திருநீறு போட்டதும் இறங்குகிறது. மறுநாள் அந்த ஆள் வயலுக்கோ கடலுக்கோ போகிறார், தன் பிள்ளையைத் தெரிகிறது, சோறு இறங்குகிறது. சுற்றி இருப்பவர்களும் அதை ஏற்கிறார்கள். உங்கள் தம்பிக்கு வந்திருப்பது அப்படி இல்லை. அதற்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை, இறங்குவதும் இல்லை, அவனுக்கு அது பயத்தைத் தவிர ஒன்றும் கொடுக்கவில்லை. இந்த வித்தியாசம் அம்மாவுக்கு உங்களை விட நன்றாகத் தெரியும். கேட்டுப் பாருங்கள். "அம்மா, இது கோயில்ல வாற கலை மாதிரியா கிடக்கு?" என்று கேட்டால் "இல்ல மகள்" என்றுதான் சொல்லுவார். உங்கள் இருவருக்கும் பேச்சுத் தொடங்குகிற இடம் அதுதான்.

யுத்த காலத்தின் முற்பகுதியில் எங்கள் மாவட்டத்தில் உளமருத்துவம் என்று ஒன்று அநேகமாக இருக்கவில்லை. 1990 செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இருந்த அகதி முகாமில் இருந்து மட்டும் 158 பேர் கொண்டுபோகப்பட்டார்கள். அந்த வருடங்களில் பிள்ளையைத் தேடிய அம்மாக்கள் எங்கே போவார்கள்? அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்கிறவர்களிடம் போனார்கள். 90களில் பட்ரிசியா லோரன்ஸ் என்ற அமெரிக்க மானுடவியலாளர் இங்கே தங்கி அதைத்தான் ஆராய்ந்தார். வெளியே வாய் திறந்தால் ஆபத்து என்றிருந்த காலத்தில், அம்மனுக்கு முன்னால் நின்று "என்ட புள்ள உயிரோட இரிக்கானா?" என்று சத்தம் வைத்து அழ முடிந்தது. சுற்றி நின்றவர்களும் சேர்ந்து அழுதார்கள். அந்த அழுகைக்கு ஈடான ஒன்றை எங்களால் ஒரு குளிசையில் கொடுத்திருக்க முடியாது. 2004 டிசம்பர் 26 முடிந்து, அம்பாறையில் மட்டும் சுமார் 10,000 உயிர் போன பிறகு, எங்கெங்கோ இருந்து உளவளத்துணை என்று ஆட்கள் வந்தார்கள். நல்லவர்கள் பலர். ஆனால் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலத்தில் துக்கத்தை அளந்தவர்களும் இருந்தார்கள். பிள்ளையைக் கடலில் விட்ட தாய் ஒரு வருடம் கழித்தும் பின்னேரத்தில் ஒரு பீங்கானில் சோறு போட்டு வைத்தால் அதை நோய் என்று நான் எழுத மாட்டேன். அவள் மற்றப் பிள்ளைகளுக்குச் சமைக்கிறாளா, நித்திரை கொள்கிறாளா, சாக வேண்டும் என்று சொல்கிறாளா என்று பார்ப்பேன். அதில் ஒன்று சறுக்கினால்தான் கூட்டிவரச் சொல்லுவேன்.

ஆகவே கழிப்பை நிறுத்தச் சொல்லி நான் உங்களுக்குச் சொல்லவில்லை. நூல் கட்டட்டும், தேசிக்காய் வெட்டட்டும், பார்வை பார்க்கட்டும். காத்தான்குடியிலோ கல்முனையிலோ ஒரு உம்மா தண்ணி ஓதி வாங்கிக் கொடுத்தால் அதற்கும் நான் இதையேதான் சொல்லுவேன். "நோயைத் தந்தவன் மருந்தையும் தந்திருக்கான், கிளினிக்குக்கும் போங்க" என்று தானே சொல்லி அனுப்புகிற மௌலவிமாரை எனக்குத் தெரியும். மந்திரிக்கிறவர்களிலும் அப்படி இருக்கிறார்கள். சில எல்லைகளில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அடி கூடாது. கட்டி வைக்கக் கூடாது. பட்டினி போடுவதும் மிளகாய்ப் புகை போடுவதும் கூடாது. மருந்தை நிறுத்தச் சொன்னால் அங்கே இருந்து எழும்பி வந்துவிட வேண்டும். காதுத் தோட்டை அடகு வைத்துக் காசு கட்டச் சொன்னாலும் அப்படித்தான். நூல் கையில் இருக்கும்போது ஊசி போட முடியும். கிளினிக்கில் யாராவது நூலைப் பார்த்துச் சிரித்தால், அது அவர்களுடைய பிழை. அதற்காக நீங்கள் திரும்பி வந்துவிட வேண்டாம்.

அம்மாவின் பயத்தில் இன்னொன்றும் இருக்கிறது, அவர் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வர வேண்டும். "அந்தக் குடியில விசர் இரிக்கு" என்று உங்கள் தாய்வழிக் குலத்தைப் பற்றி ஒரு சொல் போனால் உங்கள் கலியாணம் நிற்கும் என்று அவர் கணக்குப் பார்க்கிறார். செய்வினை என்றால் குற்றம் வெளியே இருக்கிற ஆளுடையது. நோய் என்றால் குற்றம் இரத்தத்தில் இருக்கிறது என்று நினைக்கிறார். அதனால்தான் தகட்டை விடாமல் பிடித்துக்கொள்கிறார், உங்களுக்காக. இதைத் தெரிந்துகொண்டு பேசினால் உங்கள் குரலே வேறு மாதிரி வரும். பரம்பரைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சகோதரனுக்கு வந்தால் சகோதரிக்கும் வந்தே தீரும் என்பதில்லை. பத்தில் ஒன்பது பேருக்கு வருவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019இல் உலகத்தில் எட்டுப் பேரில் ஒருவர் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினையோடு வாழ்ந்தார். அப்படிப் பார்த்தால் மாப்பிள்ளை வீட்டுக் குடியிலும் ஆள் இருக்கும், பேசாமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"விசர்", "லூசு", "அங்கொடைக் கேஸ்" என்ற சொற்களை வீட்டில் யாரும் சண்டையில் கூடப் பாவிக்க வேண்டாம். தம்பிக்குக் கேட்கிற குரல்கள் ஏற்கெனவே அவனை அதைவிட மோசமாகத் திட்டிக்கொண்டு இருக்கலாம். இப்போது இதற்காகக் கொழும்புப் பக்கத்து அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதும் இல்லை. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஆதார வைத்தியசாலைகளில் மனநலக் கிளினிக் நடக்கிறது, மருந்துக்குக் காசில்லை. எந்த நாள் எங்கே என்று உங்கள் ஊர்க் குடும்பநல உத்தியோகத்தரிடமோ எம்.ஓ.எச். என்கிற சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலோ கேட்டால் சொல்லுவார்கள். 2000களின் தொடக்கத்தில் இங்கே வேலை செய்த உளமருத்துவ நிபுணர் மகேசன் கணேசனும் அவரோடு நின்றவர்களும், ஆட்களைக் கொழும்புக்கு ஏற்றாமல் ஊருக்குள்ளேயே பார்க்கலாம் என்று காட்டினார்கள். இரவு நேரத்தில் தடுமாறினால் 1926க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், காசில்லை, 24 மணித்தியாலமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

ஒரு விஷயம் மிச்சம், அதைக் கேட்காமல் விடக்கூடாது. தம்பியிடம் நேரே கேளுங்கள்: "சாகோணும் எண்டு நினைவு வருதா?" கேட்டால் எண்ணம் புதிதாக வந்துவிடும் என்பது பிழையான பயம். கேட்டால் பெரும்பாலும் ஆறுதல்தான். வீட்டில் வயலுக்கு அடிக்கிற மருந்துப் போத்தல் இருந்தால் இன்றைக்கே மாமா வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவிடுங்கள். 1995இல் இலங்கையில் தற்கொலை 100,000 பேருக்கு 47 என்ற அளவில் இருந்தது, உலகத்திலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று. எங்கள் சனத்தின் மனம் அப்படி, ரோசம் அப்படி என்று எல்லாரும் காரணம் சொன்னார்கள். பயிருக்கு அடிக்கிற கொடிய நஞ்சுள்ள கிருமிநாசினிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள், இருபது வருடத்தில் அந்த அளவு ஏறக்குறைய 70 வீதம் விழுந்தது. ரோசம் அப்படியேதான் இருந்தது, கைக்கெட்டின இடத்தில் நஞ்சு இருக்கவில்லை. அந்த ஒரு நிமிசம் கடந்தால் ஆள் தப்பும். பொலிஸ் வழக்கு வரும் என்று பயந்து மறைக்கவும் வேண்டாம், தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற சட்டத்தை 1998இலேயே எடுத்துவிட்டார்கள்.

கிளினிக் நாளில் விடியவே போங்கள், சனம் கூட. கொப்பியையும், முன்பு எடுத்த மருந்துத் துண்டு இருந்தால் அதையும் கொண்டு போங்கள். தம்பியிடம் "விசருக்கு மருந்தெடுக்கப் போறம்" என்று சொல்லவும் வேண்டாம், "கோயிலுக்கு" என்று பொய் சொல்லவும் வேண்டாம். "நீ நித்திர இல்லாமக் கஷ்டப்படுறாய், அதுக்குக் காட்டுவம்" என்று சொல்லுங்கள், அது உண்மை. அம்மாவையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். டொக்டருக்கு முன்னால் நீங்கள் வாய் திறக்க வேண்டாம். தகடு, மந்திரவாதி, கழிப்பு எல்லாவற்றையும் அம்மா தன் வாயால், தன் வார்த்தையில், முழுதாகச் சொல்லி முடிக்கட்டும். பிறகு கொப்பியைக் கொடுங்கள்.